கவிதா மண்டலம்: நம் ஊரில் எழுதுகிறவர்கள் கூடிய இடங்கள்

வெளிநாடுகளில் ‘எழுத்தாளர் மையம்’ என்று ஊருக்கு ஊர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் அப்படி ஒன்றுக்குப் பணம் கட்டிப் போய்வருகிறான். அங்கே என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். வாரம் ஒருநாள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை வாசிக்க மற்றவர்கள் குறைநிறை சொல்வார்களாம். மாதம் ஒருநாள் யார் வேண்டுமானாலும் மேடையேறி வாசிக்கலாமாம். மூத்தவர் ஒருவர் இளையவருக்குத் துணையிருந்து திருத்திக் கொடுப்பாராம். ஆண்டு முடிவில் எல்லாருடைய எழுத்தையும் தொகுத்து ஒரு புத்தகம் போடுவார்களாம். எல்லாம் சொல்லிவிட்டு, “நம்ம ஊர்ல இப்படி எல்லாம் ஏது மாமா?” என்றான்.

நம் ஊரில் இருந்தது. வாசலில் பலகை மாட்டவில்லை, பணம் வாங்கவில்லை, அவ்வளவுதான். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் செய்திகள் பலவும் புதுவைக்காரர்களாகிய உங்களுக்குத் தெரிந்தவைதாம். ஆனாலும் அவனுடைய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை வரிசையாகப் பார்த்தபோது, இதுவரை எனக்குத் தோன்றாத ஒன்று தோன்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தனியாக எழுதியவர்

முதலில், வட்டம் எதுவும் இல்லாமல் எழுதிய ஒருவரைப் பார்ப்போம். துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் காலமாகும் வரை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, குவர்னர் கோபித்துக்கொண்டது, கோட்டையில் பேசிக்கொண்டது, ஊரில் பரவிய வதந்தி எல்லாம் அதில் உண்டு. பேசுகிற தமிழிலேயே எழுதியிருக்கிறார்.

அவ்வளவையும் யாரிடம் வாசித்துக் காட்டினார்? யாரிடமும் காட்டியதாகத் தெரியவில்லை. காட்டக்கூடிய எழுத்தும் அல்ல அது. அவர் மறைந்தபின் அந்தக் கணக்குப் புத்தகங்கள் வீட்டிலேயே கிடந்தன. 1846-இல் கல்லுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் படும்வரை எண்பத்தைந்து ஆண்டுகள் வெளியுலகுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிறகு படி எடுத்தார்கள். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. நம் ஊர்ப் பிரபஞ்சன் அதிலிருந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற நாவல்களை எடுத்தார். இரண்டாவது நாவலுக்கு 1995-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

நல்ல எழுத்துதான், கெட்டுப்போகவில்லை. ஆனால் ஒரு கறையான் புற்று நினைத்திருந்தால் புதுவையின் பதினெட்டாம் நூற்றாண்டு நமக்குத் தமிழில் இல்லாமலே போயிருக்கும்.

ஐந்தாவது ஷரத்து

அடுத்தது, எழுதுகிறவர்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த கதை. 1908-இல் ‘இந்தியா’ பத்திரிகையின் பதிவுபெற்ற ஆசிரியர் சென்னையில் கைதானபின் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ‘இந்தியா’ இங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. ஏன் இங்கே? பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்ய முடியாது என்று எல்லாரும் சொல்வார்கள். அது சரி. இன்னொரு காரணமும் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் அது என் கண்ணில் கொஞ்சம் பெரிதாகவே படுகிறது.

1881 ஜூலை 29-ஆம் தேதிச் சட்டம் என்று ஒன்று பிரான்சில் இயற்றப்பட்டது. பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய சட்டம். குடியேற்ற நாடுகளுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அதன் ஐந்தாவது ஷரத்து, முன் அனுமதி இல்லாமலும் ஈட்டுத்தொகை கட்டாமலும் யாரும் பத்திரிகை வெளியிடலாம் என்கிறது. ‘ழெரான்’ எனப்படும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பெயர் ஒவ்வொரு பிரதியின் அடியிலும் அச்சாக வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நிலைமை? 1910-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் வந்தபின், ஈட்டுத்தொகை கட்டு என்பார்கள், எழுதியது பிடிக்கவில்லையென்றால் அதைப் பறிமுதல் செய்வார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருந்த வித்தியாசம் இது.

ஆனால் அச்சடித்தால் போதுமா? படிக்கிறவர்கள் அந்தப் பக்கம் அல்லவா இருந்தார்கள்! பிரிட்டிஷ் அரசு ‘இந்தியா’ தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. சந்தா வருவது நின்றது. 1910 மார்ச்சில் பத்திரிகையும் நின்றது. ‘விஜயா’, ‘சூரியோதயம்’, ‘கர்மயோகி’ எல்லாம் இதே வழியில் போயின.

பாரதியாருக்கு அச்சு உண்டு, வாசகர் இல்லை என்ற நிலை வந்துவிட்டது. வேறு யாராவது ஆகியிருந்தால் பேனாவை மூடி வைத்திருப்பார்கள். அவருக்கு ஒரு திண்ணையும் சில நண்பர்களும் இருந்தார்கள்.

வட்டம்

1910 ஏப்ரல் 4-ஆம் தேதி அரவிந்தர் வந்தார். அதே ஆண்டு பிற்பகுதியில் வ.வே.சு. ஐயர் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தார். மண்டயம் ஸ்ரீநிவாசாச்சாரியார் முன்பே இங்கே இருந்தார். 1911-இல் ஆஷ் கொலைக்குப் பிறகு ஒற்றர் தொல்லை அதிகமானது. கடிதம் நடுவழியில் பிரிக்கப்படும், பணம் வந்து சேராது. இவர்கள் வெளியூருக்குப் போகவும் முடியாது. ஆக, ஒருவருக்கொருவர் வாசகரானார்கள்.

அந்த வட்டத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். பாரதியார் அரவிந்தரோடு சேர்ந்து வேதப் பாடல்களைப் படித்தார். அரவிந்தருக்குப் பாரதியார் வழியாக ஆழ்வார் பாடல்கள் அறிமுகமாயின. 1914-இல் தொடங்கிய ‘ஆர்யா’ இதழில் ஆண்டாள், நம்மாழ்வார் பாடல்கள் ஆங்கிலத்தில் வந்தது அதனால்தான். ஐயர் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1916-இல் வெளியிட்டார். தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் முதலில் பேசப்படும் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-இல் அவர் எழுதி வெளிவந்ததே. பாரதியாரின் ‘பாஞ்சாலி சபதம்’ முதற்பாகம் 1912-இல் அச்சானது. ‘கண்ணன் பாட்டு’, ‘குயில் பாட்டு’ எல்லாம் இந்தப் பத்து ஆண்டுக் கணக்கில்தான் சேரும். என் தங்கை மகன் பாஷையில் சொன்னால் மொழிபெயர்ப்புப் பட்டறை, சிறுகதைப் பட்டறை, கவிதைப் பட்டறை மூன்றும் நாலு தெருவுக்குள் நடந்திருக்கின்றன.

‘பட்டறை’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பிரெஞ்சில் ‘அத்தெலியே’ என்ற சொல் நினைவுக்கு வரும். தச்சர் வேலை செய்கிற இடம், தையல்காரர் வேலை செய்கிற இடம், ஓவியர் வேலை செய்கிற இடம், எல்லாம் அத்தெலியேதான். நம் கொல்லர் பட்டறையும் அப்படித்தான். ஒருவர் துருத்தி ஊதுவார், ஒருவர் குறட்டால் பிடித்துக்கொள்வார், ஒருவர் அடிப்பார். ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை.

இந்த வட்டத்துக்குள் உள்ளூர் ஆள் ஒருவர் வந்து சேர்ந்ததை எல்லாரும் அறிவோம். கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர். கல்வே கல்லூரியில் தமிழ் படித்தவர், பண்டிதர்களிடம் பாடம் கேட்டவர், 1909 முதல் ஆசிரியர் வேலை. வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணத்தில் பாரதியார் பாட்டு ஒன்றைப் பாடினார். பாட்டைக் கட்டியவர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அங்கே தொடங்கிய பழக்கம். பிறகு ஒருநாள் பாரதியார் வீட்டில், நண்பர்கள் முன்னிலையில், ஒரு பாட்டு எழுதும்படி சொன்னார். அவர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். பாரதியார் அதைச் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகைக்கு அனுப்பும்போது, இது சுப்பிரமணிய பாரதியின் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறித்து அனுப்பினார்.

நான் குமாஸ்தா வேலை பார்த்தவன். ஒரு காகிதம் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறது என்று மேலே எழுதியிருந்தால்தான் அடுத்த அலுவலகத்தில் அதற்கு மதிப்பு. பாரதியார் செய்தது அதுதான். பெயர் தெரியாத வாத்தியார் ஒருவர் எழுதியதற்கு ஒரு முகவரி கொடுத்தார். அப்படி ஒரு ‘மண்டலம்’ எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை. அந்தக் குறிப்பை எழுதிய நிமிடத்தில் அது உண்டாகிவிட்டது.

ஓரத்தில் உட்கார்ந்தவர்கள்

1918 நவம்பரில் பாரதியார் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைதானார். 1921 செப்டம்பரில் காலமானார். வட்டம் கலைந்தது. ஐயர் போனார், அரவிந்தர் தம் ஆசிரமத்துக்குள் ஒதுங்கினார். அங்கே நடந்ததெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பெரியவர்கள் யாரும் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதவில்லை.

எழுதிவைத்தவர்கள் ஓரத்தில் இருந்தவர்கள். ஸ்ரீநிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அப்போது சின்னப் பெண். பாரதியார் புதுப்பாட்டு கட்டினால் பாடிக் காட்டுகிற வீடுகளில் அவர் வீடும் ஒன்று. பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய ‘பாரதி நினைவுகள்’ இல்லாவிட்டால், எந்தப் பாட்டு எந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்தது என்று பலவற்றுக்கு விவரமே இருக்காது. செல்லம்மாளும் குழந்தைகளும் பட்ட பாடும் தெரியாது. இன்னொருவர் கனகலிங்கம். தாழ்த்தப்பட்டவர் என்று ஊர் ஒதுக்கி வைத்த குலத்து இளைஞர். பாரதியார் அவருக்குப் பூணூல் போட்டுக் காயத்திரி சொல்லிக் கொடுத்தார். அவர் தம் குருநாதரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி வைத்தார். மூன்றாமவர் வ.ரா. எங்கிருந்தோ தேடிக்கொண்டு இங்கே வந்து, வட்டத்தில் ஒட்டிக்கொண்ட இளைஞர். பாரதியாரின் வரலாற்றை எழுதினார். 1933-இல் ‘மணிக்கொடி’ தொடங்கியபோது அதை நடத்தியவர்களில் ஒருவராகவும் இருந்தார். புதுவைத் திண்ணையில் பிடித்த சூடு சென்னை வரைக்கும் போயிருக்கிறது.

ஒரு சிறுமி, ஒதுக்கப்பட்ட குலத்து இளைஞர், வந்து சேர்ந்த வாலிபர். வட்டத்தின் நினைவு இவர்கள் கையில்தான் பிழைத்தது.

பெருமாள் கோயில் தெரு

கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். 1935-இல் ‘ஸ்ரீ சுப்ரமணிய பாரதி கவிதா மண்டலம்’ என்ற பெயரில் புதுச்சேரியிலிருந்து ஒரு இதழ் வந்தது. எஸ்.ஆர். சுப்பிரமணியம் ஆசிரியர், பாரதிதாசன் கூடவே நின்றார். கவிதைக்கென்றே ஓர் இதழ். தம்மைப் பற்றிப் பாரதியார் என்றோ எழுதி அனுப்பிய ஒற்றைச் சொல்லை எடுத்து, எல்லாருக்கும் பொதுவான இடமாக்கிவிட்டார்கள். முன்பு ஒருவருக்குக் கிடைத்த முகவரி இனி எழுதுகிற எவருக்கும் கிடைக்கும் என்று ஆயிற்று.

1946 வரை முப்பத்தேழு ஆண்டுகள் வாத்தியார் வேலை பார்த்தவர் அவர். பெருமாள் கோயில் தெரு வீட்டுக்கும் எழுதுகிற பிள்ளைகள் வந்தார்கள். சேலியமேட்டில் 1915-இல் பிறந்த வாணிதாசன் பள்ளிக்கூடத்திலேயே அவரிடம் படித்தவர். பின்னாளில் தாமும் ஆசிரியரானார், பிரெஞ்சு நன்கு தெரிந்தவர், பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர். சுரதா வெளியூரிலிருந்து தேடி வந்தார். பாரதிதாசன் சொல்லச் சொல்ல எழுதினார், படி எடுத்தார். அந்த வேலையிலேயே தொழில் கற்றார். அவர் வைத்துக்கொண்ட பெயர் சுப்புரத்தினதாசன். அதன் சுருக்கம்தான் சுரதா. பாரதி, அவருக்குத் தாசன், அந்தத் தாசனுக்கு ஒரு தாசன். 1947-இல் புதுக்கோட்டையிலிருந்து வந்த ‘பொன்னி’ இதழ் ‘பாரதிதாசன் பரம்பரை’ என்று தலைப்புக் கொடுத்து இளங்கவிஞர்களை வரிசையாக அறிமுகம் செய்தது. 1958-இல் பாரதிதாசன் மறுபடி நடத்திய ‘குயில்’ ஏட்டிலும் புதியவர்களுக்கு இடம் இருந்தது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் தமிழ் ஒளி. சாமிப்பிள்ளைத் தோட்டத்தில் வளர்ந்தவர். பாரதிதாசனிடம் போய்ச் சேர்ந்து, பிறகு கரந்தைத் தமிழ்க் கல்லூரியில் படித்தார். ‘வீராயி’ போன்ற காவியங்களை எழுதினார். ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று எழுதிய கவிஞர். 1965-இல் நாற்பது வயதிலேயே போய்விட்டார். அவர் எழுதியதில் பெரும்பகுதி இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பது அவருடைய நண்பர் செ.து. சஞ்சீவி அவற்றைச் சேர்த்துவைத்துப் பதிப்பித்ததால். இங்கும் ஒரு நண்பர் கைதான் காப்பாற்றியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை

இனி வரப்போவது பெரிய மனிதர்கள் கதை இல்லை. எங்கள் கதை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. தினமும் ‘திக்தே’ உண்டு. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண் போகும். லா போந்தேன் கதைப் பாட்டுகளைத் தலைகீழாக ஒப்பிப்பேன். தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னால் முழிப்பேன். 1954-இல் நிர்வாகம் மாறி, 1962-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தபின், எங்களைப் போன்ற பிள்ளைகள் இரண்டு கரைக்கும் நடுவில் நின்றோம். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசு அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தபோது கோப்பெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது, மனு கொடுக்க வருகிறவர்கள் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், “தம்பி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வா” என்று ஓர் இலக்கிய வட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு தொடக்கப் பள்ளியின் வகுப்பறை. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். தமிழாசிரியர் இருவர், ஒரு தபால்காரர், மளிகைக்கடைக்காரர் ஒருவர், என்னைப் போல் குமாஸ்தாக்கள்.

முறை ஒன்று இருந்தது. முதலில் தலைவர் ஓர் ஈற்றடி கொடுப்பார். அடுத்த வாரம் அதில் முடிகிற மாதிரி பாட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதியவர் இரண்டு முறை வாசிப்பார். முதல் முறை யாரும் வாய் திறக்கக்கூடாது. இரண்டாம் முறை முடிந்ததும், வாசித்தவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒரு நல்லது சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தளை தட்டுகிறது, ஒற்று மிகவில்லை என்று தொடங்கலாம். தமிழாசிரியர்கள் இருவருக்கும் ஒற்று விஷயத்தில் ஒத்துப்போகாது. அவர்கள் வாதாடும்போது நான் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான் என் எழுத்துத் தமிழ். தீபாவளியை ஒட்டிக் கவியரங்கம் வைப்போம், அன்று மட்டும் சுண்டல் உண்டு.

ரோடியர் மில் தொழிலாளி ஒருவர் வருவார். 1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா மில் வேலைநிறுத்தத்தில் பிரெஞ்சுப் படை சுட்டுப் பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்ததைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அந்த நாளில் மில்லில் இருந்த ஒருவரின் மகன் இவர். ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு நேரே வருவார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். தறிச் சத்தத்தையே தாளமாக வைத்துப் பாட்டுக் கட்டுவார். தமிழாசிரியர் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம், இவர் பாட்டில் கை வைக்கக்கூடாது என்பதுதான். அவர் எதையும் அச்சில் போட்டதில்லை. போட வேண்டும் என்று நினைத்ததாகவும் தெரியவில்லை. “இங்க படிச்சுட்டேன், போதும்பா” என்பார்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வருகைப் பதிவேடும் நடவடிக்கைக் குறிப்பும் என் பொறுப்பு. தேதி, வந்தவர் பெயர், வாசித்த பாட்டின் தலைப்பு, யார் என்ன திருத்தம் சொன்னார் என்று ஒவ்வொரு வாரமும் எழுதுவேன். நாலு நோட்டுகள் நிறைந்தன. தலைவர் காலமானபின் கூட்டம் மெலிந்தது. அந்த வகுப்பறையும் இனிக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் வட்டம் நின்றது.

நோட்டுகளில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. மற்ற இரண்டும், வாசித்த பாட்டுகளின் பிரதிகளைப் போட்டு வைத்திருந்த ஒரு கட்டும் செயலாளர் வீட்டில் இருந்தன. அவர் மறைந்து, வீட்டை இடித்துக் கட்டியபோது எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. வாடகை ரசீதும் நோட்டும் மூட்டையில் ஒன்றாகத்தானே இருந்திருக்கும்.

என்னிடம் இருக்கிற இரண்டு நோட்டுகளில் அந்த மில் தொழிலாளியின் பெயர் பதினோரு இடத்தில் வருகிறது. பதினோரு தலைப்புகள். பாட்டு ஒன்றுகூட இல்லை. தலைப்பைப் படித்தால் அவர் குரல் காதில் கேட்கிறது. வரி நினைவுக்கு வர மறுக்கிறது.

தோன்றியதைச் சொல்கிறேன்

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் இன்று நினைவில்லங்கள். அரசு எடுத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறது, நல்ல காரியம். போய்வாருங்கள், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் பிரதி, புகைப்படம், பழைய இதழ் எல்லாம் பார்க்கலாம்.

ஆனால் அந்த வீடுகளைப் பெரிதாக்கியது அங்கே நடந்த வேலை. ஒருவர் வாசித்தார், ஒருவர் கேட்டார், ஒருவர் திருத்தினார், ஒருவர் படி எடுத்தார், ஒருவர் அச்சுக்கு அனுப்பினார். இந்த ஐந்தில் நாம் எப்போதும் முதல் ஆளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். இந்தக் கதைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: எழுத்து பிழைத்ததெல்லாம் இரண்டாவது, நான்காவது ஆட்களால். கேட்ட யதுகிரி, கேட்ட கனகலிங்கம், படி எடுத்த சுரதா, சேர்த்துவைத்த சஞ்சீவி. ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அப்படி ஓர் ஆள் கிடைக்க எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயிற்று. எங்கள் மில் தொழிலாளிக்குக் கிடைக்கவே இல்லை. பெயரும் தலைப்பும் மட்டும் தப்பித்தன.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் ஊரில் எங்கள் வட்டம் ஒன்றுதான் இருந்ததா? முத்தியால்பேட்டையில், முதலியார்பேட்டையில், வில்லியனூரில், படிப்பகத்திலும் சங்கத்திலும் கோயில் மண்டபத்திலும் எத்தனை பேர் கூடியிருப்பார்கள்! அவர்களில் பலர் இதைப் படிக்கிற நீங்களே. உங்களிடம் ஒரு பதிவேடு இருக்கலாம், கவியரங்க அழைப்பிதழ் இருக்கலாம், சைக்ளோஸ்டைல் செய்த ஓர் இதழ் இருக்கலாம். புகழ்பெற்றவர் கைப்பட்ட காகிதத்தை யாராவது தேடி வருவார்கள். உங்கள் வட்டத்துக் காகிதத்தை யாரும் தேடி வரமாட்டார்கள். அது உங்களோடு முடிந்துவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் போகிக்கு வீட்டை ஒழிக்கும் முன்பு பரணையும் இரும்புப் பெட்டியையும் நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைகளிடம் விட்டால் அவர்களுக்கு எது எது என்று தெரியாது. கிடைத்ததைப் பேரனிடம் கொடுத்துக் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர் யார், கூட்டம் எங்கே நடந்தது, எந்த ஆண்டு என்று உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி நோட்டுக்குள் வையுங்கள். வாசித்தவர் உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கள், மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் இரண்டு நோட்டுகளையும் தங்கை மகன் ஊருக்கு வரும்போது படம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் பதினோரு தலைப்புகளையும் தனியே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். 1970-களில் ரோடியர் மில்லில் வேலை பார்த்த யாருக்காவது, தறிக்குப் பக்கத்தில் நின்று பாட்டுக் கட்டுகிற ஒருவரின் வரி ஒன்றாவது நினைவிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். தலைப்புக்குக் கீழே எழுதிக்கொள்ள இடம் விட்டு வைத்திருக்கிறேன்.